எழுத்தின் நாணயம்

எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே, பல்கலைக்கழகத்திற் பயிலும் இளைஞர் அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு



பெரியோர் நிறைந்த இச்சபையிலே பேசுதற்கு நமக்கு வயதும் போதாது, கல்வியும் போதாது. மிஷன் பாடசாலையொன்றிற் படித்து, இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டிலே இருப்பவர் நாம். ஆயினும் நமது செயலாளர், "தம்பி, எழுதுகிறவன் வாசகரை எப்படிச் சம்பாதிக்கிறது என்பது பற்றிப் பேசும்" என்று பணித்தார். அவர் ஏன் அந்தப் பொருளைத் தந்தார் என்பது நமக்குத் தெரியும். இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியோர் சிலருக்கும் தெரியும். ஆகவே, தெரியாதவர்களுக்காக முதலிலே நமது குற்றத்தைச் சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

நமது சங்கத்து இளைஞரிற் பலர் எழுதுகின்றனர். கவிதை எழுதுவோர் உளர். கதை எழுதுவோர் உளர். கோயில் வரலாறு, ஊர் வரலாறு எழுதுவோரும் உளர். அவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணை, எழுதுறம், ஆர் வாசிக்கிறது?" நாமும் அப்படியே கேட்டவர்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. நாமும் நண்பர் மூவருமாக நால்வர் சேர்ந்து மாதப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினோம். முதல் இதழ் 300 பிரதி அச்சிட்டோம். ஆண்டுச் சந்தா 600 ரூபா. வீடு வீடாகச் சைக்கிளிற் சென்று 74 பேரிடம் சந்தா வாங்கினோம். நால்வர் பெயருக்கும் முன்னாலே நாமே பட்டங்களும் போட்டுக்கொண்டோம். ஒருவர் கவிஞர், ஒருவர் சிந்தனையாளர். மற்றைய இரண்டையும் சொல்லக் கூசுகிறது.

மூன்று இதழ் வந்தது. நான்காவது வரவில்லை. பரீட்சை வந்தது, ஒருவர் கொழும்புக்குப் போனார், அச்சுக்கூலி ஏறிற்று. காரணங்கள் எல்லாம் உண்மையே. ஆனால் 74 வீட்டில் ஒரு வீட்டுக்கேனும் போய் அக்காரணத்தை நாம் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய குற்றம் மூன்றாவது இதழிலே நடந்தது. நமது ஊர் வாசிகசாலையின் வரலாற்றை எழுதும்போது, அதைத் தொடங்கியவர் பெயரை மாற்றி எழுதிவிட்டோம். யாரோ சொன்னதைக் கேட்டு எழுதினோம். வாசிகசாலையிலே இருந்த பழைய கூட்டக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. உண்மையிலே அதைத் தொடங்கியவரின் மகள், வயது முதிர்ந்த ஒரு தாயார், இதழைக் கையிலே வைத்துக்கொண்டு நம்மைக் கேட்டார்: "பிள்ளையள், என்ரை அப்புவின்ரை பேர் எங்கை?" அடுத்த இதழிலே திருத்துவோம் என்று சொன்னோம். அடுத்த இதழ்தான் வரவில்லையே.

பெரியோர்களே, நமது ஊர்க் கடைத்தெருவிலே ஒரு சொல் வழங்குகிறது. "அவர் நாணயமான மனிசன்" என்பார்கள். அந்த ஒரு சொல்லை நம்பிக் கடைக்காரர் கொப்பியிலே கடன் எழுதிச் சாமான் கொடுப்பார். கையிலே புழங்கும் காசுக்கும் மனிதனுடைய நேர்மைக்கும் தமிழிலே ஒரே பெயர் இருப்பது நமக்கு வியப்பாயிருக்கிறது. வாசகரும் கடன் கொடுப்பவரே. நாம் எழுதியதை வாசிக்குமுன்பே தமது காசையும், தமது நேரத்தையும், எழுதியவன் உண்மை எழுதியிருப்பான் என்ற நம்பிக்கையையும் முன்கூட்டியே தந்துவிடுகிறார். அக்கடனைத் திருப்பிக் கொடுப்பவனுக்கு மறுமுறையும் கொடுப்பார். கொடாதவனை ஏசமாட்டார், பேசாமல் விட்டுவிடுவார். எழுத்தாளனுக்கு அதுதான் பெரிய தண்டனை.

நமது பத்திரிகை நின்ற பின்னர், நம் முன்னோர் இந்த நாணயத்தை எவ்வாறு சம்பாதித்தனர் என்று தேடிப் பார்த்தோம். அவருள் மூவரைப் பற்றியே இன்று பேசுவோம்.

முதலாமவர், 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் நல்லூரிலே பிறந்த ஆறுமுகநாவலர். அவருடைய சமயத் தொண்டைப் பற்றி இந்த மேடையிலே பேசக்கூடிய பெரியோர் பலர் உளர். நாம் அவரை எழுத்தாளராகவும் பதிப்பாளராகவும் மாத்திரம் இங்கே நோக்குகிறோம். யாழ்ப்பாணத்து வெசிலியன் மிஷன் பாடசாலையிலே படித்து, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைசெய்தவர் அவர். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. நாவலர் என்ற பட்டம் இல்லை, அச்சுக்கூடம் இல்லை, அவர் பெயரை அட்டையிலே தாங்கிய புத்தகமும் இல்லை.

கோவிலிலே புராணம் படித்துப் பயன் சொல்வது நம்மவருக்குப் பழக்கமான ஒன்று. ஆனால் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் விளங்கும் வசனத்திலே, தொடக்கமும் முடிவும் உடையதாகப் பேசுவது புதிய முறை. மிஷன் பாடசாலையிலே கண்டு பழகிய பிரசங்க முறையை அவர் தமது நோக்கத்துக்குப் பயன்படுத்தினார். அன்றோடு நின்றுவிடவுமில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் நடந்தது. கேட்டவர் அடுத்த வெள்ளியும் வந்தனர். வரும்போது அயலவரையும் அழைத்து வந்தனர். வெள்ளி வந்தால் பிரசங்கம் இருக்கும் என்ற நம்பிக்கை ஊருக்கு உண்டாயிற்று.

1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பாடசாலை வேலையையும் அவ்வாண்டிலேயே விட்டார். 1849ஆம் ஆண்டில் அச்சியந்திரம் வாங்குதற்காகத் தமிழ்நாடு சென்றபோது, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு நாவலர் என்ற பட்டத்தை அளித்தனர். இளைஞர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். ஓராண்டுக்கு மேலாக வெள்ளிதோறும் பேசிய பின்னரே பட்டம் வந்தது. அதுவும் பிறர் கொடுத்து வந்தது. நாமோ முதல் இதழின் முதற் பக்கத்திலேயே பட்டத்தைப் போட்டுக்கொண்டோம்.

வாங்கிவந்த அச்சியந்திரத்தினால் அவர் என்ன செய்தார்? சிறு பிள்ளைகள் படிக்கும் பாலபாடங்களை அச்சிட்டார். 1852ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனமாக எழுதி வெளியிட்டார். செய்யுளைத் தனியே படித்துப் பொருள்கொள்ள இயலாதவர்களும் வாசிக்கும்படி, சந்திகளை வேண்டிய இடங்களிற் பிரித்து, ஆங்கிலத்திலே பயின்ற நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்திலே ஒழுங்காக இட்டு எழுதினார். முதலிலே காது கொடுத்துக் கேட்போர் கூடினர். பின்பு பாடசாலையிலே எழுத்தறிந்த பிள்ளைகள் தோன்றினர். அப்பிள்ளைகளின் கையிலே வாசிக்கத்தக்க புத்தகம் வந்தது. வாசகர் இல்லையே என்று அவர் குறைப்பட்டிருக்கலாம். குறைப்படாமல் வாசகரை உண்டாக்கினார்.

இனி, இரண்டாமவர் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. இவரும் நம்மைப்போல மிஷன் பாடசாலையிலே படித்தவர்; தெல்லிப்பழையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினறியிலும் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். பெரிய உத்தியோகங்கள் பார்த்தார். புதுக்கோட்டையிலே நீதிபதியாகவும் இருந்தார். ஆனால் இன்று அவரை நாம் நினைப்பது அவர் பதிப்பித்த நூல்களுக்காகவே.

1868ஆம் ஆண்டிலே தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு அவரால் வெளியிடப்பட்டது. அப்பதிப்பைப் பரிசோதித்தவர் நாவலர். 'பரிசோதித்து' என்னும் இச்சொல்லை அக்காலத்து நூல்களின் முகப்பிலே அடிக்கடி காணலாம். நாம் முன்பு அதனைப் பொருட்படுத்தியதே இல்லை. பரிசோதிப்பது எத்தகைய வேலை என்பதை அறிந்தபோதுதான் அச்சொல்லின் பாரம் விளங்கிற்று.

ஓர் ஓலைச்சுவடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலே இடமில்லை. பாட்டு எது, உரை எது என்று பிரித்துக் காட்டும் அடையாளமும் பெரும்பாலும் இல்லை. சுவடியை எழுதியவன் ஏட்டைப் பார்த்து எழுதினானோ, ஒருவர் வாசிக்கக் காதாற் கேட்டு எழுதினானோ தெரியாது. அதனோடு பூச்சி அரித்த துளைகளும், தொட்டால் ஒடியும் ஓரங்களும். இத்தகைய ஏடுகள் பலவற்றை வெவ்வேறு ஊர்களிலிருந்து தேடியெடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது நூலாசிரியன் பாடம், எது எழுதியவன் பிழை என்று ஒவ்வோரெழுத்தாகத் துணிய வேண்டும். ஓரெழுத்துப் பிழைத்தாற் பொருள் பிழைக்கும். நாவலர் பதிப்பு என்றாற் பிழையற்றது என்று அறிஞர் கொண்டாடியமைக்கு இந்த உழைப்பே காரணம்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நாவலர் மறைந்தார். பரிசோதித்துத் தர அவர் இல்லை. ஏடுகளோ நாளுக்கு நாள் அழிந்துகொண்டிருந்தன. தாமோதரம்பிள்ளை தாமே துணிந்து இறங்கினார். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி என்று ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. கைப்பொருளையும் ஓய்வுநேரத்தையும் இதற்கே செலவிட்டார். அப்பதிப்புக்களுக்கு அவர் எழுதிய நீண்ட பதிப்புரைகளே அவருடைய நாணயத்துக்குச் சாட்சி. ஏடுகள் கிடந்த நிலையையும், தாம் பட்ட இடரையும், தம்மால் இயலாதவற்றையும் வாசகருக்கு அங்கே வெளிப்படையாகச் சொல்கிறார். அவருடைய பதிப்புக்களிலே குறை கண்டு கண்டித்தவர்களும் உண்டு. பின்வந்த பதிப்பாசிரியர்கள் திருத்தியவையும் உண்டு. அதனால் அவர் பெயர் குறையவில்லை. தெரிந்ததைத் தெரிந்ததென்றும் ஐயத்தை ஐயமென்றும் சொன்னவரைப் பிழை கண்டபின்னும் வாசகர் கைவிடுவதில்லை.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் முடிவிலே 'பிழை திருத்தம்' என்று ஒரு பக்கம் இருப்பதைப் பெரியோர் கண்டிருப்பீர்கள். பாடசாலை நாட்களிலே நாம் அதைப் பார்த்துச் சிரித்ததுண்டு. இவ்வளவு பிழையா என்று. இன்று அந்தப் பக்கத்தைக் கண்டால் நமக்குத் தலை குனிகிறது. ஒரு தாயாருடைய தந்தையின் பெயரைத் திருத்துதற்கு நம்மிடம் அப்படி ஒரு பக்கம் இருக்கவில்லை.

இவ்விருவரும் வெகுகாலத்துக்கு முற்பட்டவர்கள். மேலும், நாவலர் காலத்துச் சமூகமும் அவருடைய பாடசாலையும் சாதிக் கட்டுப்பாட்டைக் கடந்தவை அல்ல என்பதை இளைஞராகிய நாம் மறைக்கலாகாது. கல்வியின் வாயில் எல்லாருக்கும் ஒருபோலத் திறந்திருக்கவில்லை. அவ்வாயிலுக்கு வெளியே நின்ற ஒருவர் வாசகரின் நம்பிக்கையைப் பெற்ற வரலாற்றையும் சொன்னாலன்றி இப்பேச்சு நிறைவுபெறாது.

அவர்தான் டொமினிக் ஜீவா. 1927ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே பிறந்தவர். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர், முடிதிருத்தும் தொழிலாளி. பாடசாலைப் படிப்பு சிறு வயதிலேயே நின்றுபோயிற்று. தமது தொழிலை ஒருபொழுதும் அவர் மறைத்தாரல்லர். சலூனே தமது பல்கலைக்கழகம் என்ற கருத்திலே பெருமையோடு பேசியவர். 1960ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய முதற் சிறுகதைத் தொகுதி 'தண்ணீரும் கண்ணீரும்' சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. அதன்பின்பு 1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 'மல்லிகை' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார்.

மல்லிகைக்கு முன்னும் பின்னும் ஈழத்திலே தோன்றிய இலக்கிய ஏடுகள் மிகப் பல. சில இதழ்களோடு மறைந்தவையே அவற்றுட் பெரும்பாலன. மல்லிகையோ போரும் இடப்பெயர்வும் குறுக்கிட்ட போதும் எழுந்து நடந்தது; பின்னாளிற் கொழும்பிலிருந்து வந்தது; 2012ஆம் ஆண்டளவில் இதழெண் நானூறைத் தாண்டியது. 46 ஆண்டுக்காலம்! அதன் ஆசிரியர் தாமே இதழ்களைக் கையிலே சுமந்துகொண்டு தெருத்தெருவாகச் சென்று விற்றார். வாங்கியவர் முகத்தை அவர் அறிவார். அவர் முகத்தை வாங்கியவர் அறிவார். அட்டையிலே ஈழத்து எழுத்தாளரையும் கலைஞரையும் படமாகப் போட்டுக் கௌரவித்தார். சிங்கள எழுத்தாளரின் படைப்புக்களுக்கும், முஸ்லிம் எழுத்தாளருக்கும், மலையகத்தவருக்கும், முதற்கதை எழுதிய இளைஞருக்கும் இடம் தந்தார். 2021ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அவர் மறைந்தபோது, தங்கள் முதற் கதை மல்லிகையிலே வந்தது என்று நன்றியோடு நினைத்தவர் பலர்.

நமக்கு வண்டி வேண்டும், பணம் வேண்டும், பெரியவர்களின் ஆதரவு வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொண்டோம். அவரிடம் இவற்றுள் எது இருந்தது? அடுத்த இதழ் வரும் என்ற சொல் இருந்தது. அச்சொல்லை அவர் நாற்பது ஆண்டுக்கு மேலாகக் காப்பாற்றினார்.

அன்பர்களே, இக்காலத்திலே எழுதியதைப் பரப்புவது மிக இலகு. கைத்தொலைபேசியிலே ஒரு விரலால் ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். ஆனால் ஆயிரம் பேருக்குப் போவது வேறு. பத்துப்பேர் நம்பி வாசிப்பது வேறு. பரப்புவது இலகுவாகிவிட்டதனாற் பிழையும் அதே வேகத்திற் பரவுகின்றது. நாவலர் காலத்திலே ஓலையோடு ஓலையை ஒப்பிட்டவர்கள் செய்த வேலையை நாம் ஒரு மாலைப்பொழுதில், வாசிகசாலைக் குறிப்புப் புத்தகம் ஒன்றைத் திறந்து செய்திருக்கலாம். பதினைந்து நிமிட வேலை. அதையே நாம் செய்யவில்லை.

ஆகவே எழுதும் இளைஞருக்கு, நாம் பட்டறிந்த மட்டிலே சிலவற்றைச் சொல்கிறோம். உங்கள் பெயருக்கு முன்னாலே நீங்களாக எதனையும் போடாதீர்கள். முதலிலே பத்துப்பேரைக் கூட்டி, எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கொட்டாவி விடும் இடத்திலே எழுத்தைத் திருத்துங்கள். ஊர்ப்பெயர், ஆட்பெயர், ஆண்டு என்பவற்றை எழுதுமுன் அறிந்தவர் இருவரையாவது கேளுங்கள். ஆவணம் இருந்தால் அதையே பாருங்கள். பிழை வந்தால், பிழை வந்த அளவு எழுத்திலேயே திருத்தத்தையும் போடுங்கள், மூலையிலே ஒளிக்காதீர்கள். மாதம் ஒன்று தர முடியாவிட்டால் ஆண்டுக்கு நான்கு என்று சொல்லுங்கள். சொன்ன நான்கையும் கொடுங்கள்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். நமது பத்திரிகை நின்றபோது ஒருவரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பொடியன்கள்தானே என்று விட்டுவிட்டீர்கள். அந்த அன்பை நாம் மதிக்கிறோம். ஆனால் கேட்டிருந்தால் நமக்கு நன்மையாயிருந்திருக்கும். இனி எழுதுகிற பிள்ளைகளிடம் பிழையைச் சொல்லுங்கள். வராத இதழைக் கேளுங்கள். கேட்கின்ற வாசகர் இருந்தாற்றான் எழுதுகிறவன் தேறுவான்.

கடைசியாக ஒன்று. சென்ற மாதம் நாம் நால்வரும் அந்த 74 பேருடைய பட்டியலை எடுத்துக்கொண்டு, வராத ஒன்பது இதழுக்குரிய 450 ரூபாவை ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டோம். சிலர் வாங்கினர், சிலர் சங்கத்துக்குக் கொடுங்கள் என்றனர். ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் மாத்திரம் காசைத் தொடவே இல்லை. "தம்பியவை, நான் காசு கேக்கேல்லை. எத்தினை மாசம் படலையைப் பாத்துக்கொண்டிருந்தனான் தெரியுமே? எனக்குப் புத்தகத்தைத் தாருங்கோ" என்றார். பிறருக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தே வாழ்ந்த மனிதர், தமக்கு வரவேண்டியது வருமா என்று காத்திருந்திருக்கிறார். அவருக்கு முன்னாலே நமக்கு வார்த்தை வரவில்லை.

இன்று நமது கையிலே இருப்பது நான்காவது இதழ். இதன் முதற் பக்கத்திலே கதையும் இல்லை, கவிதையும் இல்லை. வாசிகசாலையைத் தொடங்கிய பெரியவரின் பெயரும், மூன்றாவது இதழிலே நாம் செய்த பிழையும் கொட்டை எழுத்திலே அச்சிடப்பட்டிருக்கின்றன. முதற் பிரதியை அவருடைய மகளாகிய அந்தத் தாயாருக்கு இச்சபையிலே கொடுக்கிறோம். இரண்டாவது பிரதியைத் தபாற்கார ஐயாவின் படலைக்கு நாளைக் காலை நாமே கொண்டுபோவோம். புதிய சந்தா எவரிடமும் இப்பொழுது வாங்கமாட்டோம். பழைய கடனில் இன்னும் எட்டு இதழ் இருக்கின்றது. அடுத்த ஆண்டு விழாவிலே, எட்டும் வந்தனவா என்று நம்மை எழுப்பிக் கேளுங்கள்.